பன்னிரண்டாம் நிலையும் சேமியா ஐஸும்

காரைக்கால்,
8-3-2025, சனிக்கிழமை.

தம்பி முருகானந்தத்துக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாவதாக. இந்த வரியை வழக்கத்துக்காக எழுதியிருக்கிறேன். மற்ற வரிகளில் சமாதானம் கிடையாது.

வரிச்சிக்குடிக்கு ஒரு போன் போட்டுத் திட்டினால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் திட்டினால் நீ "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்பாய். எனக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிடும். இந்த முறை சிரிக்க எனக்கு உத்தேசமில்லை. முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் சோறு தின்றவன் நான். என் கோபம் தபால் தலை ஒட்டித்தான் வரும்.

நேற்று தவக்காலத்தின் முதல் வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை. பன்னிரண்டாம் நிலைக்கு வந்துவிட்டோம். ஆண்டவர் சிலுவையில் உயிர் விடுகிற இடம். சனம் முழுக்க முழந்தாளில். ஃபாதர் எழிலன் தலை குனிந்து நிற்கிறார். அந்த இடத்தில் வார்த்தை கிடையாது, ராகம் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். ஆறு வருஷமாகப் பெரிய வெள்ளிக்கு வந்து மூன்றாம் வரிசையில் ஃபேன் தூணோரம் உட்கார்ந்து கேட்கிறவன் நீ. நான் கீபோர்டில் கை வைத்து நாலு நோட்டு வாசித்திருப்பேன்.

"அம்மா, ஐஸ் வண்டி!"

கேத்தரின் டீச்சருடைய மகள். மூன்று வயது. அவ்வளவுதான், முன்வரிசைப் பிள்ளைகள் ஏழு பேர் எழுந்து வாசலுக்கு ஓடினார்கள். பீடத்தில் மெழுகுவர்த்தி பிடித்திருந்த பையன் ஓட முடியாமல் கழுத்தை மட்டும் நீட்டினான். இங்கே ஆண்டவர் உயிர் விட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே வாசலில் "வண்டியக் காணுமே" என்று ஒரே கூச்சல்.

சிலுவைப்பாதை முடிந்ததும் டீச்சரை நிறுத்திக் கேட்டேன். "உங்க சிநேகிதர் வண்டிதான் சார். புது வண்டி வாங்குனதுலேர்ந்து இந்தப் பாட்டுதான் போடுறாரு" என்றார். நான் நம்பவில்லை. இன்று காலை மீன் மார்க்கெட் பக்கம் என் காதாலேயே கேட்டேன். அந்த ராகம் குதித்துக்கொண்டு போயிற்று. ஓடிற்று என்றே சொல்லலாம்.

ராகத்துக்கும் ஒழுக்கம் உண்டு, தம்பி. வார்த்தை இல்லாததால் அது அநாதை என்று நினைத்துவிடாதே. துக்கம் அந்த நோட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது, உப்பு கடல் தண்ணீருக்குள் இருப்பது போல. அதை எடுத்துக் குச்சி ஐஸ் விற்பது பாவம். உன் மதத்தில் எப்படியோ, எங்கள் மதத்தில் பாவம்.

உடனே நிறுத்து. லோகாம்பாளை விசாரித்ததாகச் சொல்லவும்.

கோபத்துடன்,
ம. சவரிநாதன்,
சப் போஸ்ட் மாஸ்டர் (ஓய்வு).


வரிச்சிக்குடி,
12-3-2025.

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுத வந்தேன். தேவையில்லை, திங்கட்கிழமை கோயில் தெருவில் பார்த்தேன், நலமாகத்தான் இருக்கிறீர்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். பிறகு பையிலிருந்து எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, நான் பார்க்கப் பார்க்கவே தபால் பெட்டியில் போட்டீர்கள். கையை நீட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேனே அண்ணே. அது மயிலாடுதுறை வரை போய்ச் சுற்றிவிட்டு நேற்று என் வீட்டுக்கு வந்தது.

ஐஸ் பெட்டியின் மூடியில் வைத்து எழுதுகிறேன். ஈரத்தில் எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் சைக்கிள், மணி என்று ஓட்டினேன். முழங்கால் தேய்ந்ததும் பேட்டரி வண்டி வாங்கினேன். அதில் மணி கட்ட இடமில்லை. நம் சவுண்ட் சர்வீஸ் ஆபித் ஸ்பீக்கர் மாட்டித் தருகிறேன் என்றார். அவரிடம் இருந்ததெல்லாம் பிறந்தநாள் பாட்டும், பல்லைக் கூச வைக்கும் ஏதோ இரண்டு சத்தமும். "உங்களுக்குப் புடிச்சது ஏதாவது இருக்காண்ணே?" என்று கேட்டார். எனக்குப் பிடித்தது என்று போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கு நீங்கள் வாசித்தபோது பிடித்து வைத்தது. "ரொம்ப இழுவையா இருக்கு, கொஞ்சம் ஓட்டமா வைக்கவா?" என்றார். "வைங்க" என்றேன். கேலி செய்ய வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

பிள்ளைகள் ஓடியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் கேட்கலாமா? துக்கம் நோட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் என் வண்டியைக் கேட்டுக் காரைக்கால் பிள்ளைகள் இந்த நேரம் தேம்பித் தேம்பி அழுதிருக்க வேண்டுமே. இதுவரை ஒரு பிள்ளையும் அழவில்லை. பால் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று சொன்னபோது ஒன்று அழுதது.

இன்னொன்று. இது நோன்பு மாதம் அல்லவா? சாயங்காலம் நோன்பு திறந்த பிறகுதான் பள்ளிவாசல் தெருப் பக்கம் வண்டியை விடுகிறேன். ஆஸியா பீவி அக்கா ஜன்னலைத் திறந்து, "ஐஸ்காரரே, ஒங்க பாட்ட கேட்டாத்தான் இன்னிக்கி நோன்பு நல்லபடியா முடிஞ்சதுன்னு மனசு குளுருது" என்றார். உங்கள் கோயிலில் அது சாவு. அந்த அக்காவுக்கு நோன்பு முடிந்த நிம்மதி. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் படித்தவர்கள், சொல்லுங்கள்.

லோகாம்பாள் கூழ் வடகம் பிழிந்து வைத்திருக்கிறாள். தவக்காலத்தில் சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னாள்.

தங்கள் தம்பி,
க. முருகானந்தம்.


காரைக்கால்,
17-3-2025.

முருகானந்தத்துக்கு,

இந்தக் கடிதத்தில் தம்பி என்று போடவில்லை, கவனித்திருப்பாய்.

வடகம் சாப்பிடலாம். மற்றது எதுவும் சரியில்லை.

இரண்டாம் வெள்ளி முதல் வெள்ளியை விட மோசம். பிள்ளைகளை அம்மாக்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிற பெண் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் வரிசையாக எல்லோரும். பின்னால் இருந்த சனம் அவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்தது. எனக்குத் தெரியும், நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிறன்று பங்குப் பேரவை கூடிற்று. ஃபாதர் எழிலன் சின்ன வயசு, தங்கமான பிள்ளை. அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு அந்த ராகம் வேண்டாமே. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். தலையாட்டினேன்.

அது யாருடைய ராகம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன் அண்ணி ரெஜினாவுடையது. மார்பில் கட்டி என்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் ஆபீசில் தலைவலி என்று சொல்லி நாலு மணிக்கே வந்துவிட்டேன். வெளிக் கதவைத் திறக்கும்போது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் படுத்தபடி அவள் முனகிக்கொண்டிருந்தாள். முனகல் இல்லை, ராகம். மெதுவாக, திரும்பத் திரும்ப அதே ராகம். கடைசி நோட்டு மட்டும் மேலே போய் நின்றுவிடும், யாரையோ கேட்கிற மாதிரி. வேதனையை அவள் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறாள் என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, பையிலிருந்த பார்சல் ஃபாரத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். அதற்கப்புறம் மூன்று வாரந்தான் அவள் இருந்தாள்.

ஒவ்வொரு வருஷமும் வாசிப்பதற்கு முன் சனத்துக்கு இதைச் சொல்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய். கேட்டு அழுதும் இருக்கிறாய். போன வருஷம் ஃபாதர் பிரசங்கத்தில் உன்னைத்தானே காட்டினார்? "நம் விசுவாசத்தில் இல்லாத ஒரு சகோதரர், வரிச்சிக்குடியிலிருந்து வந்து, தோளில் கிடந்த துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுகிறார். வார்த்தை இல்லாத ராகமே ஆண்டவருடைய பாடுகளை அவருக்குச் சொல்லிவிட்டது" என்றாரே. வேதத்தில் ஓர் அரசனைக் கெட்ட ஆவி பிடித்து ஆட்டியபோது அதைத் தணித்தது புத்திமதி இல்லை, நரம்பு வாத்தியம். அப்போது ராகத்துக்குள் ஒன்றும் இல்லையா? உன் கண்ணீரே எனக்குச் சாட்சி. அந்தச் சாட்சியையே நீ வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாகக் கூவி விற்கிறாய்.

வெள்ளிக்கிழமைக்குள் ஸ்பீக்கரை நிறுத்து. இல்லையென்றால் இருபத்தெட்டு வருஷச் சிநேகிதம் இதோடு சரி. பெரிய வெள்ளிக்கு நீ வரவும் வேண்டாம். தூணோரம் வேறு யாராவது உட்காரட்டும்.

ம. சவரிநாதன்.


வரிச்சிக்குடி,
20-3-2025.

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே வயரைப் பிடுங்கிவிட்டேன். ஆபித் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, காசு கேட்காமலேயே வேறு ஒரு சத்தம் வைத்துக் கொடுத்தார். பீம், பீம் என்று கத்தும். புதன்கிழமை கீழவாஞ்சூர்ப் பக்கம் போனேன். துறைமுகத்தில் லாரிகள் பின்னால் வரும்போது கத்துவதும் அதே பீம் பீம்தானாம், எனக்கு எப்படித் தெரியும்? நிலக்கரி லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்று நினைத்து சனமெல்லாம் ஓடி ஓரம் கட்டியது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். ஒரு ஐஸ் போகவில்லை. அந்தச் சத்தத்தையும் பிடுங்கியாயிற்று.

இப்போது வாயால்தான் கூவுகிறேன். ஒரே நாளில் தொண்டை கட்டிவிட்டது. லோகாம்பாள் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்து, "ஐஸ் விக்கிற மனுசனுக்கு நெஞ்சுச் சளி. ஊர்ல சொன்னா சிரிப்பாங்க" என்கிறாள்.

நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் அண்ணே. பெரிய வெள்ளிக்கும் வரமாட்டேன். ஆனால் அண்ணியின் ராகத்தை நீங்கள் வாசிக்காமல் விடக்கூடாது. ஃபாதரிடம் நான் வந்து பேசவா?

(இந்த இடத்தில் நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். ஒன்றுமில்லை. படிக்க முயற்சி செய்ய வேண்டாம்.)

தங்கள்,
க. முருகானந்தம்.


காரைக்கால்,
25-3-2025.

முருகானந்தத்துக்கு,

யாரிடம் என்ன எழுதுகிறாய்? முகவரி என்ற பெயரில் கோழி கிண்டிய எழுத்தையெல்லாம் படித்து ஆளைத் தேடிக் கண்டுபிடித்த இலாகாவில் இருந்தவன் நான். அடித்த வரிகளைப் படிக்காதே என்று என்னிடமே எழுதுகிறாய்! மேஜை விளக்கில் காட்டினேன். பின்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் காட்டினேன். "அண்ணி" தெரிகிறது. "மூணு மணிக்கு" தெரிகிறது. "சொல்லிடாதீங்க" என்றும் தெரிகிறது. மற்றதைப் பேனாவால் உழுது வைத்திருக்கிறாய்.

என்ன அது? ஒளிக்காமல் எழுது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? நேற்று வீட்டில் தனியாக உட்கார்ந்து அந்த ராகத்தை வாசித்துப் பார்த்தேன். கோயிலில்தான் கூடாது, வீட்டில் வாசிக்க யார் தடை? பார்சல் ஃபாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டுகூட மாற்றாமல், எப்போதும் வாசிக்கிற அதே நிதானத்தில் வாசித்தேன். பாதியில் என் வாயில் எச்சில் ஊறுகிறது. எனக்கு அறுபத்தாறு வயது, சர்க்கரை வேறு. ரெஜினாவின் முகம் வரவில்லை முருகானந்தம், சேமியா ஐஸ் வருகிறது. துக்கம் நோட்டுக்குள் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, நோட்டு அப்படியேதான் இருக்கிறது. அப்படியானால் துக்கம் எங்கே போயிற்று? இவ்வளவு நாள் நானாகப் போட்டு வைத்ததா அது? அவளுடைய ஜெபம் என்று நினைத்ததும் நானாக நினைத்துக்கொண்டதா?

இதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு வரலாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

சவரிநாதன்.


வரிச்சிக்குடி,
29-3-2025.

அண்ணே,

நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதிய பிறகு ஒளிக்க முடியவில்லை. முழுதாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணிக்கு மருந்து ஏற்றிய பிறகு வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டால்கூட எரிந்தது. குளிர்ச்சியாக எதுவும் கொடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாக நீங்கள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தீர்கள், உங்கள் ரப்பர் முத்திரையும் குத்தி. ஒரு நாள் நான் மணியடித்துக்கொண்டு உங்கள் தெருவில் போனபோது அண்ணி ஜன்னல் வழியாகக் கையசைத்தார்கள். "சேமியா இருக்கா தம்பி? ஒண்ணே ஒண்ணு. அவருகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், டாக்டர் சொன்னதக் கெட்டியா புடிச்சிகிட்டிருக்காரு" என்றார்கள். கொடுத்தேன். நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படிக் கொடுக்காமல் இருப்பேன்?

அதற்கப்புறம் தினம் மூணு மணிக்குப் போவேன். நீங்கள் திடீரென்று சாப்பாட்டுக்கு வருவீர்கள், லீவு போடுவீர்கள். அண்ணிக்குக் கூப்பிடத் தெம்பு இல்லை. அதனால் ஓர் ஏற்பாடு. தெருமுனையில் மணியடித்துவிட்டு நான் ஜன்னலோரம் வருவேன். நீங்கள் வீட்டில் இருந்தால் அண்ணி பேசாமல் இருப்பார்கள். இல்லையென்றால் ஒரு ராகம் இழுப்பார்கள். எந்தப் பாட்டும் இல்லை, அவர்களாகப் போட்டது. ஆள் இல்லை, வரலாம் என்று அதற்கு அர்த்தம். கடைசியில் மேலே போய் நிற்கும் என்றீர்களே, அது "சேமியா இருக்கா?" அண்ணே.

அது ஓட்டமான ராகம். ஆபித் கூட்டி வைத்தாரே, ஏறத்தாழ அந்த வேகந்தான். அதனால்தான் அவர் கேட்டதும் "வைங்க" என்றேன். வண்டி கிளம்பி முதல் தடவை அது பாடியபோது அண்ணி ஜன்னலில் இருக்கிற மாதிரியே இருந்தது.

நீங்கள் தலைவலி என்று சீக்கிரம் வந்த நாளும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று போலகத்தில் சைக்கிள் பஞ்சர். பெட்டியோடு தள்ளிக்கொண்டே வந்தேன். உங்கள் தெருவுக்கு வந்தபோது நாலரை ஆகிவிட்டது, வாசலில் உங்கள் செருப்பு கிடந்தது, திரும்பிவிட்டேன். மூணு மணியிலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அண்ணி அந்த ராகத்தை அவ்வளவு மெதுவாக்கியிருக்கிறார்கள். அதைத்தான் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

முதல் வருஷம் நீங்கள் கோயிலில் அதை வாசித்தபோது துண்டை முகத்தில் போட்டது சிரிப்பை மறைக்கத்தான். இத்தனை பேர் முழந்தாளிட்டு, சேமியா இருக்கா என்ற கேள்விக்கு நெஞ்சில் கை வைத்து நிற்கிறார்களே என்று வந்த சிரிப்பு. ஆனால் பாதியில் அழுகை வந்துவிட்டது. அது ஆண்டவருக்காக இல்லை அண்ணே. நான் கொடுத்த ஐஸ்தான் அண்ணியை அவ்வளவு சீக்கிரம் கொண்டு போய்விட்டதோ என்று இந்த ஆறு வருஷமாக எனக்கு ஓர் உறுத்தல். டாக்டர் கூடாது என்றார்கள், நான் கொடுத்தேன். ஃபாதர் என்னைக் காட்டிப் பிரசங்கம் செய்தபோது தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ராகத்துக்கு ஒழுக்கம் உண்டு என்று எழுதினீர்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு பாவம்தான் நினைவுக்கு வந்தது. அந்த வகையில் நீங்கள் சொன்னது சரிதான்.

மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

முருகானந்தம்.


வரிச்சிக்குடி,
9-4-2025.

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் போட்டுப் பதினொரு நாள் ஆகிறது. நேற்று கோயில் தெருவில் எதிரே வந்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. என்னைத் தாண்டி, தபால் பெட்டியையும் தாண்டி, எதையும் பார்க்காமல் போனீர்கள். கையில் ஏதோ பழைய ஃபைல்.

தபால்காரர் என்னைக் கண்டாலே சந்துக்குள் நுழைந்துவிடுகிறார். லோகாம்பாள், "எல்லாத்தையும் எழுதணுமா? மனுசன் அத வச்சுத்தான் உசுரோட இருந்தாரு, அதையும் புடுங்கிட்டு வந்துட்டீங்களே" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசாமலே சோறு போடுகிறாள்.

நான் எழுதியது தப்பு என்றால் அதையாவது ஒரு வரி எழுதிவிடுங்கள். திட்டியே எழுதுங்கள்.

முருகானந்தம்.


காரைக்கால்,
19-4-2025, பெரிய சனி, காலை.

அன்புத் தம்பி முருகானந்தத்துக்கு,

இந்தக் கடிதத்தில் தபால் தலை இல்லை. இலாகாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் துரோகம் செய்து, நானே பஸ் ஏறி வந்து உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். தபாலில் போட்டால் நாளைக்குள் உனக்குக் கிடைக்காது. நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அது உன் வாசலில் வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு உன் மேல் வந்தது கொலைவெறி. அடுத்த நாள் ரெஜினா மேல் கோபம். என்னை ஏமாற்றி ஐஸ் தின்றிருக்கிறாள், அதற்கு ராகம் வேறு! மூன்றாம் நாள் அவளுடைய பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். இப்போது நாகப்பட்டினத்தில் இருக்கிறார். இரண்டு தடவை அலைந்துதான் பார்க்க முடிந்தது. ஐஸ் கொடுத்ததால் ஏதாவது ஆகியிருக்குமா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "அப்ப அவங்களுக்குச் சளி இருந்துச்சு, அதனால பத்து நாளைக்கு வேணாம்னு எழுதியிருக்கேன் பாருங்க. வாய்ப்புண்ணுக்கு ஐஸ் ரொம்ப நல்லதாச்சே. நீங்க குடுக்கலியா?" என்றார்.

பத்து நாள். சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் கூடாது என்ற வார்த்தையை மட்டும் படித்துவிட்டு, சுவரில் ஒட்டி, முத்திரையும் குத்திவிட்டேன். கோழி கிண்டிய எழுத்தையெல்லாம் படித்தவன் இதைப் படிக்கவில்லை. நீ அவளுக்குக் கொடுத்தது மருந்து தம்பி. மறித்தவன் நான். ஆறு வருஷமாக நீ சுமந்தது உன் பாரமே இல்லை, என்னுடையது. நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

இதற்கப்புறமும் பத்து நாள் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. புனித வாரத்தில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவன் எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டுக்குள் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தால் அங்கியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கண்ணீர் வழிகிறது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "சார், வராத ஒருத்தருக்காகக் காத்திருந்து, திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. சிலுவையில ஆண்டவர் செஞ்சதும் அதத்தானே? நீங்க தப்பாக் கேக்கல. வெள்ளிக்கிழமை வாசிங்க."

நேற்று வாசித்தேன். வாசிப்பதற்கு முன் எப்போதும் போலச் சனத்துக்குச் சொல்ல எழுந்தேன். ஒப்புக்கொடுத்தாள், அது இது என்று சொல்ல வாய் வரவில்லை. முன்வரிசையில் அந்த மூன்று வயசுக்காரி தயாராக உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துச் சொன்னேன்: "பாப்பா, ஐஸ் வண்டிப் பாட்டுதான். ஆனா இன்னிக்கி வண்டி வராது. ஒருத்தவங்க ரொம்ப நேரமா ஜன்னல்ல காத்துகிட்டு இருந்தாங்க, வண்டி வரவே இல்ல. அப்ப பாடுன பாட்டு இது."

ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. பாதியில் அந்தக் குழந்தை சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தது. பிறகு அதன் அம்மா. ஆறு வருஷமாக நான் அவ்வளவு பெரிய வார்த்தைகளைச் சொல்லி வாசித்தபோது இப்படி நடந்ததில்லை. துக்கம் நோட்டில் இருக்கிறதா, நாம் போட்டு வைக்கிறோமா என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ரெஜினா இரண்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எந்த வேகத்தில் எடுக்கிறோமோ அது வருகிறது என்று மட்டும் தோன்றுகிறது. நீ இல்லாமல் தூணோரம் காலியாக இருந்தது. அங்கே யாரையும் நான் உட்கார விடவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. நாளை ஈஸ்டர். காலை ஏழு மணிப் பூசை முடிகிற நேரத்துக்கு வண்டியோடு கோயில் வாசலுக்கு வா. ஆபித்தைக் கூப்பிட்டு வயரை மறுபடி மாட்டச் சொல். பூசை முடிவில் நான் உள்ளே அதே ராகத்தை அவளுடைய வேகத்தில் வாசிக்கப் போகிறேன். நீ வெளியே போடு. பிள்ளைகள் ஓடட்டும். ஃபாதரும் ஓடுவார், சொல்லி வைத்திருக்கிறார்.

சேமியா ஐஸ் இரண்டு தனியாக எடுத்து வை. ஒன்று எனக்கு. எனக்குச் சர்க்கரை, கூடாது என்றுதான் டாக்டர் எழுதியிருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று இந்தத் தடவை சீட்டை முழுக்கப் படிக்கிறேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டம் வரை நடப்போம். வழியில் கரைந்தால் கரையட்டும்.

லோகாம்பாளிடம் வடகம் நன்றாக இருந்தது என்று சொல். கோபத்தில் அன்றைக்கு எழுத விட்டுப்போயிற்று.

திங்கட்கிழமையிலிருந்து பழையபடி மூணு மணிக்கு எங்கள் தெருவுக்கு வா. தெருமுனையிலேயே பாட்டைப் போடு. நான் வீட்டில்தான் இருப்பேன். இருந்தாலும் வரலாம்.

உன் அண்ணன்,
சவரிநாதன்.